வீட்டுல கொஞ்சம் முடியலையாம்

1987-ஆம் வருடம், புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். கையில் பெண் குழந்தை, அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். நான், என் கணவர், மாமியார், குழந்தை, இவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சரியான பயந்தாங்கொள்ளி. வாசலில் சைக்கிள் பெல் அடித்தால்கூட யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் முதலில் நினைப்பேன். போன மனுஷன் பத்து நிமிஷம் தாமதித்தால் போதும், மனதுக்குள்ளேயே பஸ்ஸைக் கவிழ்த்துவிடுவேன். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு ஹாக்கிக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

என் கணவருக்குச் சொந்த ஊர் செட்டியார்பட்டி. சின்ன வயதில் ஸ்டிக் வாங்க வழியில்லாமல், வளைந்த கருவேலங்கொம்பைச் செதுக்கி வைத்துக்கொண்டு, துணிப்பந்தை அடித்து ஆடியவர். அப்பா கிடையாது. மாமியார் மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் போய் வளர்த்தார். பள்ளிக்கூட டீம், ஜில்லா டீம் என்று வளர்ந்த பிறகு ஆட்டத்துக்காகவே அவரை மில்லில் எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. நன்றாக ஆடுகிறவர்களை வேலைக்கு எடுத்து, மில்லின் பெயரில் டீம் சேர்ப்பார்கள். காலையில் ஷிப்ட், சாயங்காலம் கிரவுண்ட். ஆனால் இவருக்குக் கிடைத்தது பதிலி வேலை. நிரந்தர ஆள் யாராவது லீவு போட்டால் இவரைக் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் கேட்டில் நின்றுவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான்.

அவர் ஆடியது ஃபுல் பேக். கோல் கீப்பருக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கிற இடம். ஹெல்மெட் எல்லாம் அப்போது யார் கண்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு தடுப்புக் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவர் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். அன்றைக்குப் பார்த்து அவருக்குக் கணுக்காலில் செம அடி. வீட்டுக்கு வந்ததும் மாமியார் உப்பு, மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இனிமே நீ கிரவுண்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. உன் கண்ணு நல்ல கண்ணுதான். ஆனா பயந்த கண்ணு."

அத்தோடு சரி. அதற்குப் பிறகு நான் மைதானத்தை எட்டிப் பார்த்ததில்லை. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டோர்னமென்ட் நடந்தது. வெள்ளிக்கிழமை செமி ஃபைனல். அதில் எதிராளி அடித்த பந்து எகிறி இவருடைய இடது காதுக்கு மேலே பட்டுவிட்டது. சற்று நேரம் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். யாரோ முகத்தில் சோடா அடித்தார்களாம். எழுந்து, தலையை உதறிவிட்டு, மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்திருக்கிறார். ஜெயித்தும்விட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது காதுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. "கைதட்டு எம்புட்டு தெரியுமா?" என்று சிரித்தார். சோறு உள்ளே போகவில்லை. படுப்பதற்கு முன்னால் ஒரு தடவை வாந்தி எடுத்தார்.

எனக்குத் தூக்கம் எங்கே வரும்? அவர் மூச்சு விடுகிறாரா என்று மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். காலையில் அழுது அடம்பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். ஃபிலிம் கழுவிக் காயவேண்டும், மத்தியானம் வாருங்கள் என்றார்கள். மத்தியானம் இவருக்கு ஃபைனல். எதிரே கோவில்பட்டி டீம்.

"இன்னைக்கு மட்டும் போகாதீங்க" என்றேன்.

"இன்னைக்குப் போகலைன்னா என்னைக்கும் போக வேண்டாம். கப்பு வந்தா பெர்மனென்ட் பண்ணுறோம்னு மேனேஜர் எல்லாரு முன்னாலயும் சொல்லியிருக்காரு. கேட்டுல நின்னு நின்னு எனக்கு வெறுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு, ஸ்டிக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. குழந்தை பிறந்த பிறகு அந்த பெர்மனென்ட் என்ற வார்த்தையைத்தான் நாங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டே இருந்தோம்.

குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஃபிலிம் வாங்க நான் தனியாகப் போனேன். டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். அப்புறம் என் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"பேஷன்ட் எங்கம்மா?"

"மேட்சுக்குப் போயிருக்காரு."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான் அங்கேயே பாதி செத்துப்போனேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். மண்டை எலும்பில் விரிசல் இருக்கிறது. அதற்கு அடியில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கலாம். ஆள் பேசுவார், சிரிப்பார், ஓடக்கூடச் செய்வார். பிறகு திடீரென்று விழுந்துவிடுவார். விழுந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. உடனே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். தலையில் இன்னொரு அடி படக் கூடாது, வழியில் தூங்கவும் விடக் கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மில்லுக்கு போன் போட்டுப் பார்த்தார். டீமோடு போனவர்கள் எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். புரட்டாசிச் சனிக்கிழமை என்பதையே மறந்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோவிலுக்குப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஜாக்கெட் நனைந்து, மஞ்சள் துணி கட்டிய குழந்தைகள் இடுப்பில் தொங்க, தேங்காய்ப் பைகளோடு ஜனங்கள் முண்டுகிறார்கள். வருகிற பஸ் எல்லாம் படிக்கட்டில் ஆள் தொங்க வருகிறது. இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதில் பெண்கள் ஏறும் வாசலில் கையை நீட்டி, "அக்கா, என் புருஷன் உயிருக்கு ஆபத்து" என்று கத்தினேன். ஒரு அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். எக்ஸ்ரே கவர் மட்டும் வெளியே மாட்டிக்கொண்டது. அதையும் யாரோ உள்ளே கொடுத்தார்கள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன தூரம். கண்ணை மூடித் திறந்தால் வந்துவிடும். அன்றைக்கு அந்த பஸ் ஊர்ந்தது. எல்லாரும் கோவிந்தா கோவிந்தா என்கிறார்கள். நானும் சொன்னேன். அவர்கள் பெருமாளைக் கூப்பிட்டார்கள், நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

மைதானத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முதல் பாதி முடிகிற நேரம். சுற்றிலும் கயிறு கட்டி, அதற்கு வெளியே ஜனம். கூட்டத்தில் பெண் என்று பார்த்தால் நான் ஒருத்திதான். அவர் ஓடிக்கொண்டிருந்தார். ஓடுகிறார் என்று பார்த்ததும் சந்தோஷப்படுவதா, ஓடுகிறாரே என்று அலறுவதா என்று தெரியவில்லை. நேராக மில் மேனேஜரிடம் போனேன். அவர்தான் டீமுக்கும் பொறுப்பு. எக்ஸ்ரேயைக் கொடுத்தேன். வெயிலுக்கு நேரே தலைகீழாகத் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

"டாக்டருக்குத் தெரியுது சார்."

"இவன் இடத்துக்கு வேற ஆளு இல்லம்மா. இன்னும் பாதி ஆட்டம்தானே. முடிஞ்ச உடனே நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். அவருக்கும் ஜெயித்தாக வேண்டும், அவ்வளவுதான்.

இடைவேளையில் என் கணவரே என்னைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் அழாமல் பேச வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. எக்ஸ்ரே, விரிசல், மதுரை என்று வாயில் வந்ததையெல்லாம் தாறுமாறாகக் கொட்டினேன். அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கூச்சப்பட்டார்.

"தலைவலி காலையிலேயே போயிருச்சு. நீ எதுக்கு இங்கெல்லாம் வந்து நிக்கே? செத்த நேரம் பொறு. பொறவு எங்க வேணாலும் வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு கோல் நாங்கள் முன்னால் இருந்தோம்.

நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வேன் நின்றது. அதன் நிழலில் ஸ்டூல் போட்டு ஒரு பாய் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, ஐம்பது வயது இருக்கும். அதுவரை இரண்டு டீமையும் பாரபட்சமில்லாமல் திட்டிக்கொண்டிருந்தவர், ஸ்டூலை என் பக்கம் நகர்த்திவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எக்ஸ்ரேயை வாங்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் இன்னொரு தடவை நிதானமாகக் கேட்டார். அந்த ஊரிலேயே மரக்கடை வைத்திருப்பதாகவும், தானும் இளவயதில் ஆடியவன் என்றும் சொன்னார்.

"அவனுக்காக அவன் வெளிய வரமாட்டான்மா. நான்லாம் தோள்பட்டை நழுவினதோட ஆடியிருக்கேன். ஆட்டக்காரன் புத்தி அது" என்றார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. நான் பந்தைப் பார்க்கவில்லை, அவரை மட்டும்தான் பார்த்தேன். ஒரு தடவை பந்து தள்ளிப் போன பிறகும் ஸ்டிக்கை வீசினார். அவர் அப்படி ஆடுகிறவர் இல்லை என்று பாயும் சொன்னார். இன்னொரு தடவை சும்மா நிற்கும்போதே கண்ணைக் கசக்கி, தலையை உதறினார். இப்போது விழுவார், இப்போது விழுவார் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் எழுந்தார். பந்து எங்கள் பக்கம் கோட்டுக்கு வெளியே வந்தது. அதை எடுக்க என் கணவர் கயிற்றருகே வந்தார். பாய் அவரிடம் சத்தம் போடாமல் சொன்னார்.

"தம்பி, கிளம்பு. வேன் ரெடியா நிக்கு. வீட்டுல கொஞ்சம் முடியலையாம்."

அவர் குனிந்தபடியே கேட்டார். "யாருக்கு?"

"போய்ப் பேசிக்கலாம். வா."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாவை யாரும் சாவு என்று வந்து சொல்வதில்லை. "கொஞ்சம் முடியல, சீரியஸா இருக்கு, உடனே வாங்க" என்பார்கள். யாருக்கு என்று கேட்டால் வாருங்கள் போவோம் என்பார்கள். அதைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிடும். வழியெல்லாம் ஆறுதல் சொல்லி, பச்சைத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, தெருமுனையில் மேளச் சத்தம் கேட்கும்போதுதான் விஷயத்தை உடைப்பார்கள்.

என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கிரவுண்டுக்கே வராதவள் வந்து நிற்கிறேன். முகமெல்லாம் அழுது வீங்கியிருக்கிறது. அவர் கையிலிருந்து ஸ்டிக் விழுந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கயிற்றைத் தாண்டி வந்துவிட்டார். அம்பயர் விசில் ஊதுகிறார், மேனேஜர் ஓடி வருகிறார், கூட்டம் கத்துகிறது. எதுவும் அவர் காதில் விழவில்லை.

வேனில் பாய் ஓட்ட, நான் நடுவில், அவர் ஓரத்தில். ஏறி உட்கார்ந்ததும், "அம்மாவா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். நிஜத்தைச் சொன்னால் குதித்து இறங்கி ஆட்டத்துக்கு ஓடிவிடுவார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. அழுகைதான் வந்தது. நான் அழுதது அவருக்காக. அவர் அதைத் தன் அம்மாவுக்காக என்று எடுத்துக்கொண்டார்.

"நீ எக்ஸ்ரே, மண்டைனு இழுத்தப்பவே எனக்குச் சுருக்குனுச்சு. சுத்தி வளைச்சுச் சொல்லுதேன்னு புரியாமப் போச்சே" என்று தன் தலையிலேயே அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினார். நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். அதற்குப் பிறகு மதுரை வரைக்கும் அந்தக் கையை விடவே இல்லை.

வேன் ராஜபாளையம் பக்கம் திரும்பவில்லை என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், உயிர் இருக்கிறது என்று பாய் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். உயிர் இருக்கிறது என்றதும் இவர் சாமியெல்லாம் கும்பிட ஆரம்பித்துவிட்டார். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது இவருக்கு வாந்தி வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லாமல் ஜன்னல் வழியாகவே எடுத்தார். நிறுத்தினால் நேரமாகிவிடுமாம், அம்மாவைப் பார்க்க முடியாமல் போய்விடுமாம். எனக்கு ஒரு பக்கம் இவருக்கு என்ன ஆகுமோ என்ற பயம். இன்னொரு பக்கம், வீட்டு வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும் மாமியார் முகம் வந்து வந்து போகிறது. பாவி, உயிரோடு இருக்கிறவளைச் சாகடிக்கிறோமே என்று இருந்தது.

கல்லுப்பட்டி தாண்டியதும் அவர் பேச்சு குழற ஆரம்பித்தது. தலை என் தோளில் சரிந்தது. "தூக்கமா வருது ஏட்டி. செத்த கண்ணை மூடிக்கிடுதேன்" என்றார். டாக்டர் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. கன்னத்தில் தட்டினேன், கிள்ளினேன், குழந்தை பெயரைச் சொன்னேன். எதற்கும் கண் திறக்கவில்லை. பாய் வண்டியை விரட்டிக்கொண்டே, பேச்சுக் கொடும்மா, பேச்சுக் கொடு என்கிறார். அப்போதுதான் நானும் சொன்னேன். இதுவரை பாய் சொன்ன பொய்தான். இது என் வாயால் சொன்னது.

"தூங்காதீங்க. அத்தை உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காகளாம். நீங்க போற வரைக்கும் அவிய கண்ணை மூட மாட்டேன்னு இருக்காகளாம். நீங்க மூடலாமா?"

திடுக்கென்று விழித்தார். அதன்பிறகு ஒவ்வொரு தடவை தலை சாயும்போதும் அதையே சொன்னேன். அத்தை இப்போது தண்ணீர் கேட்டாராம், உங்கள் பெயரைச் சொன்னாராம், கதவையே பார்க்கிறாராம் என்று புதிது புதிதாகக் கட்டினேன். அவர் பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். நூல் சுற்றித் தேய்ந்த விரலால் சோறு பிசைந்து கொடுத்ததை, கருவேலங்கொம்பு குத்திவிடும் என்று தன் பழைய சேலையைக் கிழித்துக் கைப்பிடியில் சுற்றிக் கொடுத்ததை, ஜில்லா டீமில் சேர்ந்த அன்றைக்குத் தெருவெல்லாம் சீனி கொடுத்ததை எல்லாம் குழறிக் குழறிச் சொன்னார். திருமங்கலம் போனது, மதுரை வந்தது. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்ற அந்த ஒரு நினைப்பில்தான் அவர் விழித்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தார்கள். "நான் இல்ல. எங்கம்மா எங்க?" என்று அதைத் தள்ளிவிட்டார். இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவதில் அப்படியே மடங்கினார். பாயும் அங்கிருந்த ஆட்களும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆபரேஷன் நடந்தது. கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். வெளியே வந்த டாக்டர், சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், பிழைத்துக்கொள்வார் என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாய் ஒரு டம்ளர் டீயை என் கையில் வைத்துவிட்டு, உன் மாமியாருக்குச் சொல்ல வேண்டுமே என்று கிளம்பினார். அவர் மாமியாரிடம் எப்படிச் சொன்னார் என்பதை மாமியாரே பிறகு எனக்குச் சொன்னார். சுற்றி வளைக்கவே இல்லையாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "உங்க மகன் உயிரோட இருக்கான். நான் என் கண்ணால பார்த்துட்டு வாரேன். மண்டையில அடி, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது" என்றாராம். கொஞ்சம் முடியலை என்று மட்டும் அந்த மனிதர் சொல்லியிருந்தால் நான் அந்த வாசலிலேயே போயிருப்பேன் என்பார் மாமியார்.

மறுநாள் மாமியார் குழந்தையோடு வந்து கட்டிலருகே நின்றார். என் கணவர் கண்ணைத் திறந்து வெகுநேரம் அவரையே பார்த்தார். தானும் செத்துப்போய்விட்டோம் போல, அதனால்தான் அம்மாவைப் பார்க்கிறோம் என்று அப்போது நினைத்தாராம். "அம்மா, நீ இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்ல. உன் பொண்டாட்டிதான் என்னைக் கொன்னு, மதுரை வரைக்கும் தூக்கிட்டு வந்திருக்கா" என்றார் மாமியார். சொல்லிவிட்டு என் தலையை இழுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். இல்லாத சாவைச் சொன்னால் ஆயுசு கூடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இனிமேல் எனக்கு எமன் பயமே கிடையாது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கப்பு வரவில்லை. இவர் வெளியே வந்த பிறகு கோவில்பட்டிக்காரர்கள் இரண்டு கோல் போட்டுவிட்டார்களாம். பெர்மனென்டும் வரவில்லை. இனி ஹாக்கி ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டம் போனதும் மில்லில் கூப்பிடுவதும் நின்றது. சில மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உயிர் கொடுத்தாய், சரி, இனி நான் எதற்கு இருக்கிறேன் என்று ஒரு நாள் கேட்டார். எனக்கு ரொம்ப வலித்தது. பிறகு பாய்தான் தன் மரக்கடைக்கு வரச் சொன்னார். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய் வர ஆரம்பித்தார். சாயங்காலம் கடை முடிந்ததும் அதே மைதானத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். அதில்தான் மனிதர் தேறினார். நான் மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. "பாய் கூப்பிட்டா மட்டும் இனி எங்கயும் வர மாட்டேன்பா" என்று அவர் கடையில் வைத்தே கேலி செய்கிற அளவுக்கு அந்த விஷயம் எங்களுக்குள் சிரிப்பாக மாறிவிட்டது.

மாமியார் அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார். 1998-இல் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மரக்கடைக்கு போன் பண்ணு என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். போனில் என்னவென்று சொல்வது? நானே போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து ஒன்றையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பாய் என் மாமியாரிடம் சொன்னது மாதிரி, நேராகச் சொல்லிவிட வேண்டும். அத்தை போயிட்டாக. அவ்வளவுதான். இழுக்கக் கூடாது, சுற்றி வளைக்கக் கூடாது.

கடையில் அவர் இல்லை, கிரவுண்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். போனேன். கோட்டுக்கு வெளியே நின்றேன். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன ஏட்டி, இன்னைக்கு யாரு மண்டை?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "வீட்டுல கொஞ்சம்..." என்றேன். அதற்கு மேல் முடியவில்லை.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. அதை எடுத்துவிட அவருக்கு மனம் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது.

"எனக்குத்தானே? டாக்டர் வரச் சொன்னாருல்ல?" என்றார். என் கையைப் பிடித்து, காதுக்கு மேலே இருந்த அந்தப் பழைய தையல் தழும்பில் வைத்தார். "இங்கதானே? சொல்லு ஏட்டி. இந்தத் தடவையும் எனக்குத்தான்னு சொல்லு. நான் இப்பவே வாரேன், மதுரைக்கே வாரேன்."

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் உயிரைக் காப்பாற்றிய அந்தப் பொய்யைப் பற்றித்தான் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னிடம் ஆசையாகக் கேட்பார்கள். எனக்கோ, அதே மைதானத்தில் அவர் கெஞ்சிக் கேட்டும், உங்களுக்குத்தான் என்று இன்னொரு பொய்யைச் சொல்ல முடியாமல் நின்றேனே, அதுதான் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.